காகிதத்தில் மணப்பது கையில் மணக்குமா?

(வேலூர் லாங் பஜாரில் அப்பா காலத்து அத்தர், செண்ட் கடையை இன்றும் நடத்திவரும் பாய், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: சென்னையில் ஒரு பெரிய கடையில் பர்ஃப்யூமைக் காகிதத் துண்டில் அடித்து நீட்டினார்கள். எலுமிச்சை வாசனை, அவ்வளவு நன்றாக இருந்தது. உடனே வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து கையில் போட்டால் அரை மணி நேரத்தில் வேறு ஏதோ வாசனை. ஏமாந்துவிட்டேனா பாய்?
– வாசகி, குடியாத்தம்

பதில்: பாட்டிலில் ஏமாற்று எதுவும் இல்லை அம்மா. நீங்கள் முகர்ந்தது அந்தச் செண்டின் முதல் பத்து நிமிடத்தை. காசு கொடுத்தது மீதி ஆறு மணி நேரத்துக்கும் சேர்த்து.

ஸ்ப்ரே செண்டில் பெரும்பகுதி ஆல்கஹால். அதில் கரைந்திருக்கும் வாசனைச் சரக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்புவதில்லை. எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமாட் (எலுமிச்சை இனத்துப் பழம் ஒன்று) எல்லாம் லேசான ஆட்கள், முதல் பஸ்ஸிலேயே போய்விடுவார்கள். அப்புறம் ரோஜா, மல்லிகை போன்ற பூ வாசனை சில மணி நேரம் நிற்கும். கடைசிவரை தோலில் ஒட்டிக்கொண்டு இருப்பது சந்தனம், கஸ்தூரி, வெனிலா, ஊத் என்கிற அகில் மாதிரி கனமான சரக்கு. உங்களுக்குப் பிடிக்காமல் போனது அந்த நடுப்பகுதியோ அடிப்பகுதியோதான்.

காகிதத்துக்கு உடம்புச் சூடு கிடையாது, எண்ணெய்ப் பசை கிடையாது, வியர்வையும் கிடையாது. வேண்டாததைத் தள்ளிவிட மட்டும் காகிதம் போதும். இருபது பாட்டிலில் மூன்றைப் பொறுக்குங்கள். அந்த மூன்றில் இரண்டை மட்டும் கையில் போடுங்கள், இடது மணிக்கட்டில் ஒன்று, வலது மணிக்கட்டில் ஒன்று. மூன்றாவதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். கடைக்கு வரும் அன்று வாசனைப் பவுடர், லோஷன் எதுவும் வேண்டாம். அரை அடி தள்ளிப் பிடித்து ஒரே ஒரு முறை அடித்தால் போதும்.

அடித்தவுடன் எல்லோரும் செய்கிற காரியம், இரண்டு மணிக்கட்டையும் பரபரவென்று தேய்ப்பது. எந்தப் படத்தில் பார்த்தார்களோ தெரியவில்லை. தேய்த்தால் வாசனை உடைந்துவிடும் என்று சொல்வது சும்மா பேச்சு. ஆனால் சூடு ஏறி, மேலே நிற்கிற லேசான வாசனை சீக்கிரம் பறந்துவிடும். இரண்டு கையில் இரண்டு செண்ட் என்றால் கலந்தும் போகும். ஆல்கஹால் காய ஒரு நிமிடம் விடுங்கள். அதற்கு முன்னால் மூக்கை வைத்தால் ஸ்பிரிட் நெடிதான் வரும்.

அதற்கப்புறம் கடையைவிட்டு வெளியே போங்கள். இதை என் கடைக்கு வருகிறவர்களிடமும் சொல்வேன், பையன்கள் முறைப்பார்கள். ஏசியில் நின்று செண்ட் வாங்கி வேலூர் வெயிலில் போட்டால் கணக்கு ஒத்துவராது. கத்திரி வெயிலில் இங்கே நாற்பது டிகிரியைத் தாண்டுகிறது. சூட்டில் எல்லாமே வேகமாக ஆவியாகும், இனிப்பு வாசனை திகட்டும். மண்டித் தெருவில் வெங்காய மூட்டை நடுவே நடங்கள், கிரீன் சர்க்கிள் நெரிசலில் நில்லுங்கள், சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை முகர்ந்து பாருங்கள். அப்போதும் பிடித்திருந்தால் வாங்கலாம்.

கேள்வி: நடுநடுவே காப்பிக் கொட்டையை முகர்ந்தால் மூக்கு சரியாகிவிடுமாமே?
– வாசகர், காட்பாடி

பதில்: காப்பி வாசனைதான் வரும். வாசலுக்குப் போய் வெறும் காற்றை இழுங்கள், இல்லை உங்கள் சட்டைக் கையை முகருங்கள். போதும்.

கேள்வி: ஆம்பூரில் டேனரியில் வேலை செய்கிறேன். எந்தச் செண்ட் போட்டாலும் எனக்கு வாசனையே தெரிவதில்லை. வீட்டில் மட்டும் “ஏன் இவ்வளவு அடிக்கிறே?” என்று சண்டை.
– வாசகர், ஆம்பூர்

பதில்: தம்பி, வீட்டில் சொல்வதைக் கேளுங்கள். ஒரே வாசனையில் தொடர்ந்து இருந்தால் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். சுண்ணாம்புத் தொட்டி நெடி உங்களுக்கு இப்போது உறைக்கிறதா? புதிதாக உள்ளே வருகிறவரைக் கேட்டால் தெரியும். தினமும் போடுகிற செண்டுக்கும் அதே கதைதான். உங்களுக்குத் தெரியவில்லை என்று மேலே மேலே அடித்தால், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னலைத் திறப்பார்.

புதுச் செண்டை லீவு நாளில், காலையில் குளித்த பிறகு போட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் கழித்து வீட்டில் உள்ளவர்களிடம் கேளுங்கள், எத்தனை அடி தூரத்தில் வாசனை வருகிறது என்று. ஒரு கை நீளம் என்றால் அளவு சரி. வாசல்வரை வந்தால் பாதியாகக் குறையுங்கள்.

நீங்கள் டேனரிக்காரர் என்பதால் இதையும் சொல்கிறேன். பிரான்ஸில் கிராஸ் என்று ஒரு ஊர் இருக்கிறது, செண்ட் உலகத்துக்கே தலைநகரம் மாதிரி. அந்த ஊரின் பழைய தொழில் தோல் பதனிடுவது. 1500-களில் பெரிய இடத்துக்காரர்கள் தோல் கையுறை போடுவார்கள், நாற்றம் தாங்காது. அதனால் கையுறைக்கு வாசனை ஏற்றி விற்றார்கள். காலப்போக்கில் தோல் தொழில் ஒடுங்கியது, வாசனைத் தொழில் நிலைத்துவிட்டது. இப்போது என்னவென்றால் ‘லெதர்’ என்று பெயர் போட்ட செண்டையே விலை உயர்த்தி விற்கிறார்கள். அதைக் காசு கொடுத்து வாங்க ராணிப்பேட்டையிலிருந்து என் கடைக்கு ஆள் வருகிறார் என்றால் நம்புவீர்களா?

கேள்வி: கழுத்தில் செண்ட் அடித்த இடத்தில் என் மகளுக்குக் கருப்பாகத் திட்டு விழுந்திருக்கிறது. போலிச் செண்டா?
– வாசகி, ஆரணி

பதில்: போலியாகவும் இருக்கலாம், நல்ல செண்டிலும் இது வரும். பெர்கமாட் பழத்தோலைப் பிழிந்தெடுக்கும் எண்ணெயில் பெர்காப்டீன் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் சூடுபட்ட மாதிரி சிவந்து, பிறகு கருக்கும். இப்போது பல கம்பெனிகள் அதை நீக்கிய எண்ணெயைத்தான் சேர்க்கிறார்கள், எல்லோரும் அல்ல. அரிப்பும் தடிப்பும் வந்தால் அது அலர்ஜியாக இருக்கலாம். டப்பாவின் பின்பக்கம் லினலூல், லிமோனீன் என்று வாசனைச் சரக்குகளின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும் பாருங்கள். காற்றுப் பட்டுப் பழசானால் இவை இன்னும் அதிகமாகக் கடிக்கும். பீரோவில் பல வருஷம் கிடந்த பாட்டிலைத் தோலில் போடாதீர்கள்.

மகளை முதலில் தோல் டாக்டரிடம் காட்டுங்கள், இது செண்ட் கடைக்காரன் தீர்க்கிற விஷயம் அல்ல. அதுவரை எல்லாச் செண்டையும் நிறுத்துங்கள். பிறகு புதிதாக எது வாங்கினாலும் முழங்கை மடிப்பின் உள்பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில், காலையும் மாலையும் ஒரு வாரம் போட்டுப் பார்க்கட்டும். ஒரே நாள் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம், அலர்ஜி இரண்டு மூன்று நாள் கழித்தும் தலைகாட்டும். அரித்தால் அன்றே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நிறுத்திவிட வேண்டும். உங்கள் வீட்டு ஆண்களுக்கும் சொல்லுங்கள், ஷேவ் செய்த கையோடு கன்னத்தில் செண்ட் வேண்டாம்.

கேள்வி: டெஸ்டர் அடித்துப் பார்த்துவிட்டு வாங்காமல் போனால் கடைக்காரர் திட்டுவாரா?
– வாசகர், வாணியம்பாடி

பதில்: மனதுக்குள் திட்டுவார். அதற்காக வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி: பெருநாளுக்கு அத்தர் வாங்க வேண்டும். அதையும் இப்படித்தான் சோதிக்க வேண்டுமா?
– வாசகர், மேல்விஷாரம்

பதில்: அத்தரில் ஆல்கஹால் இல்லை, அதனால் முதல் நிமிட நெடி இருக்காது. மெதுவாகத்தான் விரியும், காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். கண்ணாடிக் குச்சியால் புறங்கையில் ஒரே ஒரு கோடு. அத்தருக்குப் பேர்போன உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் பழைய முறைப்படி பூவைச் செப்புப் பானையில் காய்ச்சி, வரும் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவார்கள். சந்தன விலை என்ன என்று உங்களுக்கே தெரியும், ஜவ்வாது மலை பக்கத்தில்தானே இருக்கிறது. அதனால் இன்றைக்கு மலிவு அத்தரில் பெரும்பாலும் பாரஃபின் மாதிரி எண்ணெய்தான் அடியில். சந்தன அடி என்றால் ராத்திரி கை மடிப்பில் தேடினாலும் ஒரு பால் வாசனை கிடைக்கும். பாரஃபின் என்றால் பூ வாசனை போன பிறகு வெறும் பிசுக்குதான் மிஞ்சும்.

வெள்ளை ஜிப்பாவில் நேராகத் தடவாதீர்கள், கறை போகாது. காதுக்குப் பின்னால் வையுங்கள்.