சர்க்கரை தாழ்ந்தால் முதலில் எதைக் கொடுப்பது?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்ளிபோஸ் மாத்திரைகள் எடுத்துக்கொள்கிறார். நேற்று முன்தினம் இரவு பசியில்லை என்று சரியாகச் சாப்பிடாமல், மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். விடியற்காலையில் பார்த்தால் சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. பேச்சு குழறியது. எழுப்பப் போன என் மேலேயே எரிந்து விழுந்தார். வீட்டுக் கருவியில் குத்திப் பார்த்ததில் 48 காட்டியது. சாக்லேட் கொடுத்தோம். தெளிய அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. மதியம் மறுபடியும் 62-க்கு இறங்கியது. நாங்கள் செய்தது சரிதானா? ஏன் திரும்ப இறங்கியது?

பதில்: உடனே குத்திப் பார்த்தீர்களே, அதுதான் அவரைக் காப்பாற்றியது. மருந்து எடுக்கும் ஒருவருக்கு ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அது தாழ்சர்க்கரை. 54-க்குக் கீழே போனால் மூளைக்குப் போதுமான எரிபொருள் கிடைக்காமல் தடுமாறத் தொடங்கும். அப்பா உங்கள் மேல் எரிந்து விழுந்ததற்கு அதுதான் காரணம். அதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

சர்க்கரை இறங்கும்போது உடல் முதலில் அட்ரினலினைச் சுரந்து எச்சரிக்கும். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், குப்பென்று வியர்க்கும், பசி வயிற்றைக் கிள்ளும். இன்னும் இறங்கினால் பார்வை மங்கும், நாக்கு குழறும், சொன்னதையே சொல்வார், நடை தள்ளாடும். வயதானவர்களுக்குச் சில நேரம் ஒரு பக்கக் கை கால் விழுந்து, பார்ப்பதற்குப் பக்கவாதம் போலவே இருக்கும். அதனால் சர்க்கரை நோயாளிக்குப் பேச்சு குழறினால் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வருவதற்குள் விரலில் குத்திப் பாருங்கள். தூக்கத்தில் இறங்கினால் கெட்ட கனவு, நனைந்த படுக்கை, காலையில் தலைவலி என்று தடயம் விட்டுப்போகும். அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற இதய, ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் அமுங்கிவிடும், வியர்வை மட்டும் மிஞ்சும்.

சாக்லேட் விஷயத்துக்கு வருகிறேன். கொடுத்த மனசு சரி, பொருள் தவறு. சாக்லேட்டில் உள்ள கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். அதனால் அதிலுள்ள இனிப்பு ரத்தத்தில் ஏற நேரம் பிடிக்கும். ஐஸ்கிரீமும் கிரீம் பிஸ்கட்டும் இப்படித்தான்.

அப்பா விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வோக்ளிபோஸ் மாத்திரை, சீனியை உடைத்துக் குளுக்கோஸாக்கும் குடல் நொதியைத் தடுக்கிறது. அகார்போஸும் அப்படியே. அதனால் அவருக்குச் சீனித் தண்ணீர் கொடுத்தாலும் மெதுவாகத்தான் ஏறும். அவருக்குத் தேவை நேரடிக் குளுக்கோஸ். குளுக்கோஸ் பவுடரோ மாத்திரையோ அவர் படுக்கைக்குப் பக்கத்தில் கைக்கு எட்டுமிடத்தில் எப்போதும் இருக்க வேண்டும். வோக்ளிபோஸ், அகார்போஸ் எடுக்காதவர்களுக்குச் சீனியே போதும்.

அளவு 15 கிராம். குளுக்கோஸ் பவுடரானால் 3 முதல் 4 தேக்கரண்டியை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 4 கிராம் குளுக்கோஸ் மாத்திரையானால் நான்கு. சீனி போதுமானவர்களுக்கு அதே 3, 4 தேக்கரண்டி, அல்லது 150 மில்லி பழச்சாறு. ‘டயட்’ என்று எழுதிய பானங்களில் சர்க்கரையே இல்லை, அவை உதவாது. கொடுத்துவிட்டு 15 நிமிடம் கடிகாரம் பார்த்துக் காத்திருந்து மறுபடி குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு 15 கிராம். பதற்றத்தில் பாதி டப்பாவைக் கரைத்துக் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் 300-இல் நிற்பார், அதுவும் வேண்டாம். மூன்று முறை கொடுத்தும் ஏறவில்லை என்றால் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.

மறுபடி குத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். குளுக்கோஸ் கரைத்த கை பிசுபிசுவென்று இருக்கும். அந்த விரலைக் கழுவாமல் குத்தினால், உள்ளே 50 இருக்கும்போதே கருவி 180 காட்டி ஏமாற்றிவிடும். தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள்.

டம்ளரைத் தானே பிடித்து, சொன்னதும் விழுங்குகிறாரா என்று பாருங்கள். மயங்கிவிட்டாலோ, விழுங்கத் தெரியாமல் வாயோரம் ஒழுகினாலோ, வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வீட்டில் குளுக்ககான் ஊசி இருந்து, போடக் கற்றிருந்தால் பெரியவர்களுக்கு 1 மில்லிகிராம் தசையில் போடலாம். அது கல்லீரலில் சேர்த்து வைத்த சர்க்கரையை வெளியே தள்ளும். நெடுநேரம் பட்டினி கிடந்தவரிடமும் மது குடித்தவரிடமும் அந்தச் சேமிப்பு தீர்ந்திருக்கும் என்பதால் ஊசி சரியாக வேலை செய்யாது. ஊசி போட்டாலும் ஆம்புலன்ஸ் வந்தே ஆக வேண்டும்.

இனி, மதியம் ஏன் திரும்ப இறங்கியது? காரணம் கிளிமிபிரைடு. அது கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவழைக்கும் மாத்திரை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் பிழிந்துகொண்டே இருக்கும். அதன் வேலை ஒரு நாள் முழுக்க நீடிக்கும், சிறுநீரகம் பழுதாகியிருந்தால் இன்னும் நீளும். நீங்கள் கொடுத்த இனிப்பு ஓரிரு மணி நேரத்தில் செலவாகிவிட்டது, மாத்திரையோ இன்னும் தீரவில்லை. எனவே 70-ஐத் தாண்டியதும் அடுத்த சாப்பாடு வரை காக்க வைக்காமல், ரொட்டி, சோறு என்று மாவுச்சத்துள்ள ஒன்றைச் சாப்பிடக் கொடுங்கள். அதன் பிறகும் அன்று முழுவதும் 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் எழுப்பி, குத்திப் பார்க்க வேண்டும். இந்த வகை மாத்திரையால் 48 வரை இறங்கியவரை மருத்துவமனையில் ஒரு நாள் வைத்துக் கண்காணிப்பதுதான் முறை. தெளிந்துவிட்டார் என்று வீட்டிலேயே விட்டுவிட்டது மட்டும்தான் நீங்கள் செய்த பெரிய பிழை.

இப்படி அடிக்கடி இறங்க விட்டால் உடலின் எச்சரிக்கை மணியே மழுங்கிவிடும். நடுக்கமும் வியர்வையும் இல்லாமல் நேராக மயக்கத்துக்குப் போவார்கள். சில வாரங்கள் ஒருமுறைகூட இறங்காமல் பார்த்துக்கொண்டால் அந்த எச்சரிக்கை ஓரளவு திரும்பி வரும்.

இன்றே அவருடைய மருத்துவரிடம் பேசுங்கள். அவர் சொல்லும் வரை அடுத்த கிளிமிபிரைடு வேண்டாம், மற்ற மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பல வருடம் ஒத்துக்கொண்ட அளவே திடீரென்று அதிகமாகத் தெரிந்தால் சிறுநீரகம் தளர்ந்திருக்கக்கூடும். இந்த வயதில், ஒருமுறை இவ்வளவு இறங்கியவருக்கு, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியை (HbA1c) 7 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர மெனக்கெட வேண்டியதில்லை. மாத்திரையைக் குறைக்கலாமா, தானாகத் தாழ்சர்க்கரையை வரவழைக்காத வேறு மருந்துக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். 48, 62 இரண்டையும் எத்தனை மணிக்கு, கடைசி மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு நேரம் கழித்து வந்தன என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். மருத்துவருக்கு முடிவெடுக்க அதுவே பெரும்பாலும் போதும்.