பிஸ்டன் என்ஜின்களின் காதலர்கள்: வாசகர் கேள்வி-பதில்

பழைய புரொப்பெல்லர் விமானங்களையும் போர் விமானங்களையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதிலளிக்கப்படுகிறது.

கேள்வி: ஒலியைவிட வேகமாகப் பறக்கும் ஜெட் விமானங்கள் வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. அப்படியிருக்க, ஆடி அசைந்து பறக்கும் டகோட்டாவைப் பார்க்க இத்தனை பேர் திரள்வது ஏன்?

பதில்: வேகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அவர்கள் வேறு இடத்துக்குப் போயிருப்பார்கள். இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கண்ணாலும் காதாலும் அறிந்துகொள்ள முடிகிறதே, அதுதான் அவர்களை இழுக்கிறது. ஜெட் என்ஜின் தன் வேலை முழுவதையும் உறைக்குள் மறைத்துக்கொண்டு, வெளியே ஓர் இரைச்சலை மட்டும் அனுப்புகிறது. பழைய என்ஜின்களிடம் அந்த ஒளிவுமறைவு கிடையாது.

நீங்கள் குறிப்பிட்ட டகோட்டாவையே எடுத்துக்கொள்வோம். டக்ளஸ் நிறுவனத்தின் டிசி-3 விமானம் 1935 டிசம்பர் 17 அன்று முதன்முதலாகப் பறந்தது. அதன் இராணுவ வடிவமான சி-47க்கு பிரிட்டிஷ் விமானப்படை இட்ட பெயர்தான் டகோட்டா. அதன் இரு இறக்கைகளிலும் உள்ள பிராட் அண்டு விட்னி ட்வின் வாஸ்ப் என்ஜின்கள் ஒவ்வொன்றிலும், வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசைகளில், பதினான்கு சிலிண்டர்கள் வட்டமாகப் பொருத்தப்பட்டிருக்கும். விமானம் நெடுநேரம் நின்றுவிட்டால் எண்ணெய் மெல்லக் கசிந்து கீழ்ப்பக்கத்துச் சிலிண்டர்களுக்குள் தேங்கிவிடும். எண்ணெயைக் காற்றைப் போல அழுத்த முடியாது. அந்த நிலையில் ஸ்டார்ட்டரை இயக்கினால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடக்கூடும். ஆகவே மெக்கானிக்குகள் முதலில் புரொப்பெல்லரின் அலகுகளைக் கையால் பிடித்து, ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே சுற்றுவார்கள். எங்கேனும் முட்டி நின்றால் பலத்தைக் காட்டித் தள்ளமாட்டார்கள். கீழ்ச் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடித்துவிட்டுத்தான் மீண்டும் தொடங்குவார்கள். அதன்பின் ஸ்டார்ட்டர் முனகும், ஒரு சிலிண்டர் மட்டும் இருமும், நீலம் கலந்த வெண்புகை பொங்கி வரும், இரண்டு மூன்று சிலிண்டர்கள் சேர்ந்துகொண்டு தாறுமாறாகக் குலுங்கும், பிறகே பதினான்கும் ஒரு தாளத்துக்குள் வரும். அந்தப் புகையைக் கண்டு புதியவர்கள் தீப்பிடித்ததோ என்று பதறுவதுண்டு. தேங்கிய எண்ணெய் எரிகிறது, அவ்வளவே. பறக்கும் காட்சியைவிட இந்தச் சில நிமிடங்களுக்காகவே விடியற்காலையில் வந்து வேலியோரம் இடம்பிடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: கண்ணை மூடிக்கொண்டு ஒலியைக் கேட்டே விமானத்தின் பெயரைச் சொல்லிவிடுவேன் என்கிறார் என் நண்பர். இது வெறும் ஜம்பமா?

பதில்: ஜம்பம் என்று தள்ளிவிட வேண்டாம். ஹார்வர்டு என்றும் டெக்ஸான் என்றும் அழைக்கப்படும் பயிற்சி விமானத்தை முதல் நாளே பிடித்துவிடலாம். பெரும்பாலான சண்டை விமானங்களில் என்ஜினுக்கும் புரொப்பெல்லருக்கும் இடையே வேகத்தைக் குறைக்கும் பற்சக்கரங்கள் இருக்கும். ஹார்வர்டில் புரொப்பெல்லர் நேரடியாக என்ஜின் தண்டிலேயே அமர்ந்திருக்கிறது. ஏறத்தாழ 2.7 மீட்டர் விட்டமுள்ள அந்தப் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2,250 சுற்றுகள் சுற்றும்போது அதன் முனைகள் விநாடிக்கு 320 மீட்டர் அளவில் பாய்கின்றன. ஒலியின் வேகம் ஏறக்குறைய 340 மீட்டர். அந்த எல்லையை நெருங்கும் முனைகள்தாம் துணியைக் கிழிப்பது போன்ற அந்தக் கரகரப்பை எழுப்புகின்றன. என்ஜினுக்கு அதில் பங்கு குறைவு.

பிரிட்டிஷ் சண்டை விமானமான ஸ்பிட்ஃபயரில் உள்ள ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் என்ஜின் வேறு வகை. மொத்தம் 27 லிட்டர் கொள்ளளவுள்ள பன்னிரண்டு சிலிண்டர்கள், வி வடிவில் இரண்டு வரிசைகள், சைலன்சர் இல்லாத குட்டையான புகைபோக்கிகள். இந்த அமைப்பில் சீரான இடைவெளிகளில் எரிப்பு நிகழ்வதால் ஒலி உடைந்து சிதறாமல் ஒரே இழையாக வருகிறது. அமெரிக்கக் கடற்படையின் கோர்சேர் விமானம் பாய்ந்து இறங்கும்போது, இறக்கை உடலோடு சேரும் இடத்திலுள்ள காற்றுத் திறப்புகளில் இருந்து ஒரு சீழ்க்கை எழும். ரஷ்யாவின் டியூ-95 குண்டுவீச்சு விமானத்திலோ நான்கு டர்போபுரொப் (பிஸ்டனுக்குப் பதிலாக ஜெட் போன்ற விசையாழியால் புரொப்பெல்லரைச் சுழற்றும்) என்ஜின்கள் ஒவ்வொன்றும் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு புரொப்பெல்லர்களை ஓட்டுகின்றன. அந்த அதிர்வை ஒருமுறை கேட்டவர் வேறொன்றோடு குழப்பிக்கொள்ளமாட்டார். ஆனால் மெர்லின் பொருத்திய ஸ்பிட்ஃபயரையும் மெர்லின் பொருத்திய அமெரிக்கச் சண்டை விமானமான மஸ்டாங்கையும் தொலைவிலிருந்து ஒலியால் மட்டும் பிரித்துச் சொல்லும்படி உங்கள் நண்பரிடம் கேட்டுப் பாருங்கள். சற்றுத் தயங்கினார் என்றால் அவர் நேர்மையானவர்.

கேள்வி: ஸ்பிட்ஃபயர், மஸ்டாங் இரண்டில் எது சிறந்தது?

பதில்: எந்த வேலைக்கு என்று கேட்டால்தான் விடை உண்டு. 1936 மார்ச் 5 அன்று முதலில் பறந்த ஸ்பிட்ஃபயர், தன் நாட்டின் வானத்துக்குள் நுழையும் எதிரியை விரைந்து ஏறித் தடுப்பதற்காக ஆர். ஜே. மிட்செல் வடிவமைத்தது, நெடுந்தொலைவு போய்வரும் தேவை அந்தத் திட்டத்தில் இல்லை. மஸ்டாங் 1940 அக்டோபரில் அமெரிக்காவின் ஆலிசன் என்ஜினோடு பறந்தது. உயரே போனால் அந்த என்ஜினுக்கு மூச்சு வாங்கியது. பின்னர் அதே உடலில் மெர்லினைப் பொருத்தி, கழற்றிவிடக்கூடிய எரிபொருள் தொட்டிகளையும் தொங்கவிட்டபோது, 1944 மார்ச்சில் அது குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாக பெர்லின் வரை சென்று திரும்பியது.

மெர்லினும் குறையற்றதன்று. தொடக்க கால மெர்லினில் எரிபொருளைக் காற்றோடு கலந்து கொடுத்தது மிதவைக் கார்புரேட்டர். மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் எரிபொருள் மேலே எகிற, என்ஜின் ஒரு கணம் திணறும்; எரிபொருளை நேரடியாகப் பீய்ச்சும் அமைப்புடைய ஜெர்மன் மெசர்ஸ்மிட் 109 அந்த இடைவெளியில் தப்பிவிடும். பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர் 1941இல் எரிபொருள் குழாயில் துளையிட்ட ஒரு சிறு உலோகத் துண்டைப் பொருத்தி அந்தத் தொல்லையைப் பெருமளவு குறைத்தார். பந்தயப் பாதையில் மணிக்கு நூறு மைலைத் தாண்டி மோட்டார் சைக்கிள் ஓட்டியவர் அவர். விமானங்களின் அழகைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுபவர்கள் அந்தச் சிறு துண்டுக்கும் ஒரு பத்தி ஒதுக்கினால் நன்று.

கேள்வி: காணொளிகளில் ஸ்பிட்ஃபயர் தரையில் பாம்பு போல வளைந்து வளைந்து போகிறதே, விமானிக்குப் பழக்கமில்லையா?

பதில்: நன்கு பழகியவர்தான் அப்படிப் போவார். வால் சக்கரத்தில் சாய்ந்து நிற்கும் அந்த விமானத்தின் நீண்ட மூக்கு முன்னால் இருப்பதை முழுவதும் மறைத்துவிடும். பக்கவாட்டில் எட்டிப் பார்ப்பதற்காகவே வளைகிறார். அதற்கும் நேரம் அதிகம் கிடையாது. இறக்கைக்கு அடியிலுள்ள ரேடியேட்டருக்குத் தரையில் போதிய காற்று கிடைக்காததால் என்ஜின் சில நிமிடங்களில் கொதிநிலையை நெருங்கும்.

கேள்வி: மனிதர்களைக் கொல்லச் செய்த கருவிகளை ரசிப்பது மனச்சாட்சிக்கு உறுத்தவில்லையா?

பதில்: உறுத்த வேண்டும் என்றே நினைக்கிறேன், உறுத்தாத ரசனையில் ஏதோ குறைகிறது. லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் மொத்தம் 7,377 கட்டப்பட்டது. இன்று பறக்கும் நிலையில் இருப்பவை இரண்டே, ஒன்று பிரிட்டனிலும் மற்றொன்று கனடாவிலும். இரண்டாம் உலகப் போரில் அவ்விமானங்களைப் பறக்கவிட்ட பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் பணியாற்றிய சுமார் 1,25,000 விமானக் குழுவினரில் 55,573 பேர் மாண்டனர். அவர்கள் வீசிய குண்டுகளின் கீழே எரிந்த நகரங்களில் இறந்தவர்கள் அதைவிடப் பன்மடங்கு. இந்த இரண்டு கணக்கையும் அறிந்துகொண்டு லங்காஸ்டரின் நான்கு மெர்லின்களைக் கேட்பவருக்கும், அறியாமல் கேட்பவருக்கும் கேட்பது ஒரே ஒலியாக இருக்க முடியாது.

அருங்காட்சியகங்களுக்கும் இது எளிதாக இருந்ததில்லை. ஹிரோஷிமா மீது அணுகுண்டு வீசிய எனோலா கே விமானத்தின் முன்னுடலை 1995இல் வாஷிங்டனில் காட்சிக்கு வைக்க முற்பட்டபோது, விளக்கப் பலகைகளில் எதை எழுதுவது என்பதிலேயே பெரும் சர்ச்சை மூண்டு, முதலில் திட்டமிட்ட கண்காட்சி கைவிடப்பட்டது. பலகையில் எழுதுவதைச் சுருக்கிக்கொண்டது என் பார்வையில் தவறு; விமானம் மின்னும் அளவுக்கு அதன் வரலாறும் அங்கே இருந்திருக்க வேண்டும்.

கேள்வி: சிதைவிலிருந்து மீட்டுப் புதுப்பித்த விமானத்தைப் பழைய விமானம் என்று சொல்லலாமா?

பதில்: ஆர்வலர்கள் இரவெல்லாம் சண்டையிடும் கேள்வி இது. 1942 ஜூலை 15 அன்று, பிரிட்டனை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஆறு பி-38 சண்டை விமானங்களும் இரண்டு பி-17 குண்டுவீச்சு விமானங்களும் மோசமான வானிலையால் கிரீன்லாந்தின் பனிப்பரப்பில் தரையிறங்கின. ஆட்கள் அனைவரும் காப்பாற்றப்பட்டனர், விமானங்கள் விடப்பட்டன. ஐம்பது ஆண்டுகளில் அவை ஏறத்தாழ 80 மீட்டர் ஆழத்துக்குப் பனிக்குள் புதைந்துபோயின. 1992இல் ஒரு குழு வெந்நீர் ஓடும் கருவியால் பனியை உருக்கிக் கிணறு போலத் துளையிட்டு இறங்கி, ஒரு பி-38ஐப் பகுதி பகுதியாகக் கழற்றி மேலே கொண்டுவந்தது. பத்தாண்டு உழைப்புக்குப் பின் 2002 அக்டோபரில் ‘கிளேசியர் கேர்ள்’ என்ற பெயருடன் அது மீண்டும் பறந்தது. அதே கிரீன்லாந்தில் 1947இல் இறங்கிய ‘கீ பேர்டு’ என்ற பி-29 குண்டுவீச்சு விமானத்துக்கு அந்த யோகம் இல்லை. அதை மீட்கச் சென்றவர்கள் புதிய என்ஜின்களையும் புரொப்பெல்லர்களையும் பொருத்தி, 1995 மே மாதம் பனியின் மேல் ஓட்டத் தொடங்கியபோது, வால்பகுதியில் இருந்த துணை மின்னாக்கியின் எரிபொருளால் தீப்பற்றி விமானம் கண்ணெதிரே எரிந்துபோனது.

கிளேசியர் கேர்ளை அசல் என்று ஏற்பதில் பலருக்கும் தயக்கமில்லை. மண்ணிலிருந்து எடுத்த ஒரு பெயர்த்தகட்டையும் துருப்பிடித்த சில துண்டுகளையும் வைத்துக்கொண்டு, மற்ற அனைத்தையும் புதிதாக வார்த்து, பழைய எண்ணை எழுதிப் பறக்கவிடுகிறார்களே, அங்கேதான் சிக்கல். அதைக் குறை கூறமாட்டேன். பழைய வரைபடங்களின்படி அதே விதமாகத் தகடு வளைத்து ஆணியடிக்கும் கைத்திறன் அங்கே உயிரோடு இருக்கிறது. எவ்வளவு பழையது, எவ்வளவு புதியது என்பதை உரிமையாளர் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்பதே என் நிபந்தனை.

கேள்வி: எண்பது வயதான விமானங்களை இன்னும் பறக்கவிடுவது ஆபத்தில்லையா?

பதில்: ஆபத்துத்தான். 2018 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் மலைகளுக்கிடையே, 1939இல் செய்யப்பட்ட யுங்கர்ஸ் 52 விமானம் விழுந்து அதில் இருந்த 20 பேரும் இறந்தனர். 2019 அக்டோபரில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு பி-17 விபத்தில் 7 பேர் இறந்தனர். 2022 நவம்பரில் டல்லாஸில் நடந்த விமானக் காட்சியில் ஒரு பி-17உம் பி-63 சண்டை விமானமும் வானில் மோதி 6 பேர் மாண்டனர். இவற்றில் எல்லாவற்றுக்கும் முதுமையைக் காரணம் காட்ட முடியாது. சுவிஸ் விபத்தில் குறுகிய பள்ளத்தாக்கில் மிகத் தாழ்வாகப் பறந்ததே முதன்மையான குற்றம், டல்லாஸில் விமானங்கள் ஒன்றையொன்று கடக்கும் ஏற்பாட்டிலேயே கோளாறு. எனினும் 2023இல் பி-17களின் இறக்கையைத் தாங்கும் சட்டங்களைச் சோதிக்குமாறு அமெரிக்க அதிகாரிகள் உத்தரவிட்டார்கள் என்பது, உலோகமும் களைத்துப்போகும் என்பதை நினைவூட்டுகிறது.

நிறுத்திவிட்டால் எல்லாம் பாதுகாப்பாகிவிடும் என்பதும் சரியில்லை. ஓடாத என்ஜினில் ரப்பர் அடைப்புகள் காய்ந்து வெடிக்கும், துரு ஏறும். அதைச் சரிசெய்யத் தெரிந்த கைகளும் ஒரு தலைமுறையில் மறைந்துவிடும். எனக்குத் தோன்றுவது இது: ஒரு வகையில் எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று என்றால் அது கூரைக்கு அடியில் நிற்கட்டும். பல இருந்தால் அவற்றுள் சில பறக்கட்டும். போர்க்காலத்து முழு வலுவில் என்ஜினை முறுக்காமல், மக்கள் தலைக்கு மேல் சாகசம் செய்யாமல், கட்டணப் பயணிகளை ஏற்றாமல் பறக்கட்டும். கடைசி நிபந்தனைக்கு எதிர்ப்பு உண்டு. பயணிகள் தரும் பணத்தில்தான் பல விமானங்களின் பராமரிப்பே நடக்கிறது. அது தெரிந்துதான் சொல்கிறேன்.

கேள்வி: இராணுவ விமானங்களைப் படம் எடுக்கலாமா?

பதில்: நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். 2001 நவம்பரில் கிரேக்க நாட்டின் கலமாட்டாவில் விமானப்படைத் தளத்துக்கு வந்த பிரிட்டிஷ், டச்சு ஆர்வலர்கள் பதினான்கு பேர், விமான எண்களைக் குறித்துக்கொண்டதற்காக உளவு பார்த்ததாகக் கைதாகி, 2002இல் தண்டனையும் பெற்று, மேல்முறையீட்டில்தான் விடுபட்டனர். ஒரு குறிப்பேடும் ஒரு பேனாவும் போதும், காவலருக்குச் சந்தேகம் வர. எழுத்து மூலமான அனுமதி இல்லாத இடத்தில் கேமராவைப் பையிலேயே வைத்திருங்கள்.

கேள்வி: அந்தக் காலத்து விமானங்களில் ஏதாவது இன்றும் உண்மையாக உழைத்துப் பிழைக்கிறதா?

பதில்: பிழைக்கிறது. 1947இல் முதலில் பறந்த சோவியத் நாட்டின் ஆன்-2 இரட்டை இறக்கை விமானம் பதினெட்டாயிரத்துக்கும் மேல் தயாராகி, இன்னும் பல நாடுகளில் வேலை செய்கிறது. டிசி-3இன் கதை இன்னும் சுவையானது. அமெரிக்காவின் ஆஷ்காஷ் நகரில் உள்ள பாஸ்லர் நிறுவனம் பழைய டிசி-3 உடல்களை எடுத்துச் சற்று நீட்டி, பலப்படுத்தி, பிஸ்டன் என்ஜின்களுக்குப் பதிலாக டர்போபுரொப் என்ஜின்களைப் பொருத்தி பிடி-67 என்ற பெயரில் தருகிறது. அவற்றுள் சில, சக்கரங்களோடு பனிச்சறுக்குப் பலகைகளையும் அணிந்துகொண்டு, அண்டார்க்டிகாவில் ஆய்வாளர்களையும் சரக்கையும் சுமந்து செல்கின்றன. பதினான்கு சிலிண்டர்களும் புகையும் போய்விட்ட பிறகு இதை டிசி-3 என்று ஒப்புக்கொள்ளமாட்டேன் என்று சாதிக்கும் ஆர்வலர்கள் உண்டு. அந்த இறக்கை 1930களில் வரைந்த இறக்கைதான் என்பதால், நான் ஒப்புக்கொள்கிறவர்கள் பக்கம்.