பழைய டேப்லெட் போதும், பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: வீட்டில் 10 அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட் ஒன்று சும்மா கிடக்கிறது. பரணில் 22 அங்குல மானிட்டரும் இருக்கிறது. ஹாலில் ஒரு திரையை மாட்டி, பிள்ளைகளின் தேர்வுத் தேதி, மாமியாரின் மாத்திரை, தண்ணீர் வரும் நாள், ராகு காலம் எல்லாம் அதில் தெரிகிற மாதிரி செய்ய ஆசை. கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் ஒருவர், மானிட்டரோடு ஒரு பெட்டியைச் சேர்த்து மாட்டித்தர 16,000 ரூபாயும், வருடத்துக்கு 2,000 ரூபாய் 'புதுப்பிப்பு'க் கட்டணமும் கேட்கிறார். என் ஜிமெயில் பாஸ்வேர்டும் வேண்டுமாம். டேப்லெட் எதற்கும் உதவாது, எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுங்கள் என்கிறார். என்ன செய்யலாம்? – ஒரு வாசகி, திருப்பூர்.

பதில்: முதலில் பாஸ்வேர்ட். கொடுக்காதீர்கள். சுவரில் ஒரு காலண்டர் தெரிய வைக்க உங்கள் ஜிமெயில் பாஸ்வேர்ட் யாருக்கும் தேவையில்லை. உங்கள் பேங்க் ஓடிபி, ஆதார் நகல், குடும்பப் படங்கள் எல்லாம் அந்த ஒரு சாவிக்குள்தான் இருக்கின்றன. அதைக் கேட்கிறவருக்கு ஒன்று வேலை தெரியாது, இல்லையென்றால் வேலை நன்றாகவே தெரியும். இரண்டுமே உங்களுக்கு ஆகாது.

இன்னொரு விதமும் நடக்கிறது. பாஸ்வேர்ட் தர மறுத்தால், "பரவாயில்லை மேடம், நானே ஒரு அக்கவுன்ட் போட்டுத் தருகிறேன்" என்பார்கள். அந்த அக்கவுன்ட் அவர் பெயரில், அவர் போன் நம்பரில் இருக்கும். உங்கள் வீட்டில் யார் எப்போது ஊருக்குப் போகிறார்கள் என்பதெல்லாம் அவர் கைபேசியில் தெரியும். அடுத்த வருடம் 2,000 ரூபாய் கட்டவில்லை என்றால் திரை வெறுமையாகும். புதுப்பிப்புக் கட்டணம் என்று அவர் சொல்வது பெரும்பாலும் இதற்குத்தான். கூகுள் காலண்டருக்குக் கட்டணம் கிடையாது. வானிலைக்கும் கிடையாது. எதைப் புதுப்பிக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு பக்கம் போகும்.

அப்புறம் அந்தப் பெட்டி. மானிட்டரோடு சேர்த்துத் தருவது அநேகமாகப் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸாக இருக்கும். 2023-இல் டி95 என்ற பெயரில் விற்ற பெட்டிகளில், தொழிற்சாலையிலிருந்து வரும்போதே தீய மென்பொருள் உள்ளே இருந்தது அம்பலமானது. அதே வருடம், இப்படித் தீய மென்பொருள் ஏறிய சாதனங்களைக் கொண்ட, 'பேட்பாக்ஸ்' என்று பெயரிடப்பட்ட பெரிய வலைப்பின்னலும் வெளியே வந்தது. இப்படிப்பட்ட பெட்டி உங்கள் வைஃபையில் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் தூங்கும்போது யாருக்கோ வேலை செய்யும். ரீசெட் செய்தாலும் போகாது, ஏனென்றால் அது இருப்பது சிஸ்டத்துக்குள்ளேயே. விலை மலிவாக இருக்கிறதே என்று இதை மட்டும் வாங்காதீர்கள்.

சரி, உங்கள் கையில் இருப்பதைப் பார்ப்போம். டேப்லெட் உதவாது என்று அவர் சொன்னது பாதி உண்மை கூட இல்லை. செட்டிங்ஸில் ஆண்ட்ராய்டு பதிப்பு எண்ணைப் பாருங்கள். 7.1.1 அல்லது அதற்கு மேல் என்றால் காலண்டர் காட்ட அது தாராளமாகப் போதும். குரோம் 2023 டிசம்பரில் ஆண்ட்ராய்டு 7-ஐயும், 2025-இல் 8, 9 இரண்டையும் கைவிட்டது. கைவிட்டது என்றால் புதுப் பதிப்பு வராது என்று அர்த்தம். ஏற்கெனவே உள்ளே இருக்கிற குரோம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கண்ணாடி நன்றாக இருக்கிறது, தொடுதிரை வேலை செய்கிறது, ஸ்பீக்கர் கத்துகிறது. ஆனாலும் சாதனம் 'காலாவதி' என்கிறார்கள். டயர் தேயாத வண்டியை ஓட்டாதே என்று சொல்கிற மாதிரிதான் இது. என்ன செய்ய, கம்பெனிகளின் வியாபாரம் அப்படி. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத சாதனம் என்பதால் பேங்க் ஆப், யுபிஐ எதுவும் அதில் வேண்டாம், அவ்வளவுதான்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தில் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். ரொம்ப நாள் சார்ஜ் இல்லாமல் கிடந்த டேப்லெட்டை ஆன் செய்தால், தேதி பல வருடம் பின்னால் போயிருக்கலாம். அப்போது எந்த இணையதளத்தைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று சிவப்பாக எச்சரிக்கை வரும். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லுபடியாகத் தொடங்கும் நாளே அந்தத் தேதிக்கு இன்னும் வரவில்லையே, டேப்லெட் எப்படி நம்பும்? இதைப் பார்த்துத்தான் "மதர்போர்டு போச்சு" என்று கடையில் சொல்லிவிடுகிறார்கள். தேதியைச் சரியாக வைத்துவிட்டுத் திரும்பத் திறந்து பாருங்கள்.

அடுத்து, டேப்லெட்டில் உள்ள பழைய அக்கவுன்ட்டை நீக்கிவிட்டு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். இந்த வரிசை முக்கியம். நீக்காமல் ரீசெட் செய்தால், மறுபடி அதே அக்கவுன்ட்டின் பாஸ்வேர்டைக் கேட்டு அடம்பிடிக்கலாம். பிறகு வீட்டுத் திரைக்கென்றே புதிதாக ஒரு ஜிமெயில் அக்கவுன்ட், உங்கள் நம்பரிலேயே. உங்கள் கைபேசியில் அல்ல, கம்ப்யூட்டர் பிரவுசரில் கூகுள் காலண்டரைத் திறந்து, 'வீடு' என்று ஒரு காலண்டர் உருவாக்கி, அதைப் புது அக்கவுன்ட்டுடன் பகிருங்கள். பார்க்க மட்டும் அனுமதி போதும். உங்கள் கணவருக்கும் பெரிய பிள்ளைக்கும் மாற்றும் அனுமதி கொடுங்கள். இனி யார் கைபேசியில் எதைப் பதிந்தாலும் சுவரில் வந்துவிடும். டேப்லெட் திருடு போனாலும் போவது ஒரு காலண்டரைப் பார்க்கும் உரிமை மட்டுமே.

ராகு காலத்துக்குத் தனி ஆப் தேடாதீர்கள். அந்த ஆப்களில் பாதி விளம்பரம்தான். காலண்டர் தாளில் அச்சிடும் ராகு காலம் கிழமைக்கு ஒன்றாக மாறாமல் இருப்பது: திங்கள் 7.30 முதல் 9, சனி 9 முதல் 10.30, வெள்ளி 10.30 முதல் 12, புதன் 12 முதல் 1.30, வியாழன் 1.30 முதல் 3, செவ்வாய் 3 முதல் 4.30, ஞாயிறு 4.30 முதல் 6. ஏழு பதிவுகள் போட்டு, 'வாரந்தோறும்' என்று வைத்துவிட்டால் முடிந்தது. அமாவாசை, பௌர்ணமியை ஆண்டுத் தொடக்கத்தில் தினசரிக் காலண்டரைப் பார்த்து ஒரே உட்காரலில் பதிந்துவிடலாம்.

இப்போது நான் உண்மையிலேயே பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன்: பேட்டரி. டேப்லெட்டை இரவும் பகலும் சார்ஜரில் மாட்டியே வைத்தால் லித்தியம் பேட்டரி எப்போதும் முழு சார்ஜில், சூட்டில் இருக்கும். மாதக்கணக்கில் அப்படி இருந்தால் உள்ளே வாயு சேர்ந்து உப்பக்கூடும். திரையின் ஓரம் சட்டத்திலிருந்து மெல்லப் பிரிவதோ, மேசையில் மல்லாக்க வைத்தால் டேப்லெட் ஆடுவதோதான் முதல் அடையாளம். பார்த்த உடனே சார்ஜரைப் பிடுங்குங்கள். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள், குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்க வேண்டும்.

உப்பாமல் பார்த்துக்கொள்ள எளிய வழி இருக்கிறது. எலக்ட்ரிகல் கடையில் 24 மணி நேர டைமர் பிளக் கிடைக்கும். வட்டமாகச் சுற்றிலும் சின்னச் சின்ன ஊசிகள் இருக்கும், ஒவ்வொன்றும் கால் மணி நேரம். காலை 5.30 முதல் 9, மாலை 5 முதல் 10 என்று ஊசிகளை அமுக்கி வையுங்கள். டேப்லெட்டின் செட்டிங்ஸில் உள்ள 'பில்டு எண்' மீது ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் 'ஸ்டே அவேக்' என்பதை ஆன் செய்யுங்கள். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்வரை திரை அணையாது என்பது அதன் பொருள். திரைப் பூட்டை எடுத்துவிடுங்கள். பெரும்பாலான டேப்லெட்டுகளில் சார்ஜ் ஏறத் தொடங்கியதும் திரை தானே விழித்துக்கொள்ளும். ஆக, டைமர் கரன்ட் கொடுத்தால் காலண்டர் தெரியும், நிறுத்தினால் சற்று நேரத்தில் தூங்கிவிடும். பேட்டரிக்கும் ஓய்வு. கரன்ட் போனால் டைமரின் கடிகாரமும் நின்று அவ்வளவு நேரம் பின்தங்கும். மாதம் ஒருமுறை திருகிச் சரிசெய்யுங்கள். சார்ஜர் மட்டும் பழையதோ, தெருவோரத்து மலிவோ வேண்டாம். ஐஎஸ்ஐ மாதிரியான பிஐஎஸ் குறியும் 'ஆர்' என்று தொடங்கும் எண்ணும் அதன் மேல் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையா என்று தெரியும்.

மானிட்டரை ஏன் வேண்டாம் என்கிறேன்? காரணம் கரன்ட். பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். பழைய மானிட்டர் 30 வாட் என்று வைத்துக்கொண்டால், நாள் முழுக்க எரிந்தால் இரண்டு மாதத்தில் 43 யூனிட். நம் ஊர்க் கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, அதற்குக் கீழே உள்ள சில யூனிட்டுகளுக்கும் சேர்த்து விகிதம் ஏறும். 480-இல் இருக்கிற வீட்டை இந்த மானிட்டரே அந்தப் பக்கம் தள்ளிவிடும். டேப்லெட் 5 வாட்டுக்குள் முடித்துக்கொள்ளும்.

மானிட்டர்தான் சரி என்று நான் சொல்லக்கூடிய இடம் ஒன்றே ஒன்று. உங்கள் மாமியார் உட்காரும் நாற்காலியிலிருந்து 10 அங்குல எழுத்து அவருக்குத் தெரியவில்லை என்றால், அப்போது மானிட்டர். முதலில் டேப்லெட்டிலேயே எழுத்தைப் பெரிதாக்கி, மாதக் காட்சியை விட்டு, 'இன்றைய நாள்' மட்டும் தெரியும்படி வைத்து அவரிடம் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் நின்று பார்க்காதீர்கள், அவர் உட்கார்ந்து பார்க்கட்டும். முடியவில்லை என்றால் 'ராஸ்பெர்ரி பை' என்ற சின்னஞ்சிறு கம்ப்யூட்டரை வாங்கி மானிட்டரில் இணைக்கலாம். அதில் குரோமியம் பிரவுசரை முழுத்திரையில் திறக்கும் கியாஸ்க் முறை இருக்கிறது. பக்கத்து வீட்டில் படிக்கிற பையன் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிடுவான். ஆனால் மூன்று இடத்தில் கால் இடறும். பழைய மானிட்டரில் நீல நிற விஜிஏ சாக்கெட் மட்டும் இருந்தால், எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வாக மாற்றும் கன்வெர்ட்டர் வேண்டும். உள்ளே சிப் உள்ள சின்னப் பெட்டியாக அது இருக்கும். வெறும் கம்பியின் ஒரு முனையில் எச்டிஎம்ஐ, மறுமுனையில் விஜிஏ வைத்து விற்பதில் சிப் இல்லையென்றால் படம் வராது. எதிர்த்திசை கன்வெர்ட்டரையும் இதுதான் என்று தலையில் கட்டுவார்கள். கேபிளைக் கடையிலேயே மாட்டிப் படம் வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டாவது, பை தன் மெமரி கார்டில் தகவலை எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் அந்தக் கார்டு கெட்டுவிடலாம். கார்டில் எதுவும் எழுதாதபடி பூட்டும் 'ஓவர்லே' அமைப்பு அதிலேயே இருக்கிறது, எல்லாம் முடிந்ததும் அதை ஆன் செய்யச் சொல்லுங்கள். மூன்றாவது, வீட்டில் இன்வர்ட்டர் இருந்தால், பெரும்பாலும் அதில் யுபிஎஸ் பயன்முறைக்கு ஒரு சுவிட்ச் இருக்கும், அந்த நிலையில் வைத்துவிடுங்கள். சாதாரண நிலையில் கரன்ட் மாறும் அந்தக் கண்ணிமைப்பில் மின்விசிறி கவனிக்காது, பை கவனித்துவிடும், திரும்ப முதலிலிருந்து ஆன் ஆகும். தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், நோட்டோ தமிழ் எழுத்துருவை நிறுவினால் போதும்.

மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. திரையில் நேரம் தெரிவது நினைவூட்டல் ஆகாது. அந்த நேரத்தில் அவர் சமையல்கட்டில் இருக்கலாம், கரன்ட் இல்லாமல் இருக்கலாம். மாத்திரைக்கு மணி அடிப்பது கைபேசி அலாரமாகவே இருக்கட்டும். திரை, மற்றவர்கள் பார்த்து "சாப்பிட்டீங்களா அத்தை?" என்று கேட்பதற்கு.

தண்ணீர் வரும் நாளும் மின்தடையும்தான் உங்களைச் சலிக்க வைக்கும். இந்த அறிவிப்பெல்லாம் வார்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டோவாக வரும், செய்தித்தாளில் ஒரு மூலையில் வரும், இணையதளத்தில் நீளப் பட்டியலாகக் கிடக்கும். காலண்டர் தானே எடுத்துக்கொள்ளும் வடிவில் ஒரு கோப்பாகப் போட்டால் ஊருக்கே உபயோகம். ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் முடிகிற வேலை இது. சாதனம் வாங்கச் சொல்லும் எந்தத் திட்டத்திலும் இதைப் பற்றி ஒரு வரி இருக்காது. அதுவரை அந்த போட்டோவைப் பார்த்துக் கையால்தான் பதிய வேண்டும். அந்த வேலையைத் தேர்வுத் தேதி பதிகிற பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள்.

சர்வீஸ்காரரிடம் சுவரில் டேப்லெட் தாங்கி மாட்டித்தர மட்டும் கூலி பேசுங்கள். டைமர் பிளக்கும் சார்ஜரும் நீங்களே வாங்கி வையுங்கள். தாங்கி, வெயில் நேராக அடிக்காத சுவரில், அடுப்பின் ஆவி எட்டாத இடத்தில் இருக்கட்டும்.