வாய் விண்ட மூடி: பேனா கேள்வி-பதில்

கேள்வி (கொழிஞ்சாம்பாறை வாசகி): அப்பா பள்ளி வாத்தியார். அவர் வைத்திருந்த, ஆந்திராவின் ராஜமுந்திரியில் செய்த பேனா இப்போது என்னிடம் இருக்கிறது. மூடியின் வாயில் நகத்துண்டு அளவுக்குச் சில்லு பெயர்ந்து, அங்கிருந்து மேலே ஒரு விரிசல் ஓடுகிறது. வெந்நீரில் கழுவினேன், கறுப்பு பழுப்பாகிவிட்டது. ஃபெவிக்விக் மாதிரிச் சட்டென்று ஒட்டும் பசை வைத்து ஒட்டிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள் அம்மா. மூடியைக் கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்த்து மோந்து பாருங்கள். கந்தக வாடை வந்தால் எபனைட். வெந்நீரில் பழுப்பானது என்கிறீர்களே, அதுவே பாதி விடை. எபனைட் என்பது ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூட்டில் கெட்டிப்படுத்தியது. வெயிலும் ஈரமும் பட்டால் மேல்தோல் நிறம் மாறும், வெந்நீர் அதை ஒரே நாளில் காட்டிக்கொடுத்துவிடும். இனி பச்சைத் தண்ணீர் மட்டும். நம் பாலக்காட்டு வெயிலில் ஜன்னலோரம் வைக்கவும் வேண்டாம். ராஜமுந்திரி என்றதும் ரத்னம் பேனாவும், 1935-ல் காந்தி அதைப் பாராட்டி எழுதிய கடிதமும்தான் எனக்கு நினைவுக்கு வரும். உங்களுடையதும் அதுதானா என்று பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

அந்தப் பசையை எபனைட்டுக்கு நானும் தொடுகிறேன். ஆனால் அப்படியே ஊற்றினால் விரிசலுக்குள் கிடக்கும் பழைய மையும் கை எண்ணெயும் உள்ளேயே தங்கிவிடும், ஒட்டு நிற்காது. முதலில் ஸ்பிரிட் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் விரிசலைத் துடைத்து ஒரு நாள் காயவிட வேண்டும். பிறகு ஊசிமுனையில் ஒரு சொட்டு எடுத்து வைத்தால் விரிசல் தானே உறிஞ்சிக்கொள்ளும். வாயைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டுங்கள். பேனாவையே உள்ளே திருகி வைத்து ஒட்டாதீர்கள், மரையோடு சேர்ந்து பிடித்துக்கொள்ளும்.

சில்லுக்கு ஒரு வழி இருக்கிறது. உடைந்துபோன பழைய பேனாவில் நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கும் பெரும்பாலும் எபனைட்தான். அதை அரத்தில் ராவினால் கறுப்புப் பொடி கிடைக்கும். பொடியையும் பசையையும் மாற்றி மாற்றி மெல்லிய அடுக்காக வைத்து, பள்ளத்துக்கு மேலே சற்றுப் புடைக்கும்வரை ஏற்ற வேண்டும். மறுநாள் அரத்தால் சீவி, தண்ணீர் தொட்டு 400, 800, 1500 எண் என்று உப்புத்தாள் போட்டால் விரல் தடவினாலும் தெரியாது. கண்ணுக்குக் கொஞ்சம் தெரியும்.

இவ்வளவு செய்தும் அதே இடத்தில் திரும்ப விண்டுபோகலாம். எழுதும்போது மூடியைப் பேனாவின் பின்னால் அழுத்திச் செருகுகிறோம் இல்லையா, அது வாயை உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. உலக்கைக்கு எதற்குப் பூண் போடுகிறோம்? அதேதான். பழகின தட்டாரிடம் 3 மில்லிமீட்டர் அகலத்தில் வெள்ளிப் பூண் செய்யச் சொல்லுங்கள். வாயை அந்த அளவுக்கு மெல்லச் சீவி, பூணை அரக்கு வைத்து ஏற்றச் சொல்லுங்கள். அரக்கு என்றால் நாளைக்குச் சூடு காட்டிக் கழற்றலாம், வேறு பசை அப்படி விடாது. அப்பா பேனாவுக்கு வெள்ளிப் பூண் அதிகமில்லை என்பது என் எண்ணம்.

கேள்வி (நகரி வாசகர்): என்னுடையது வரி வரியாகப் பளபளக்கும் பழைய வெளிநாட்டுப் பேனா. மூடி விரிசலுக்கு அசிட்டோன் போடச் சொல்கிறார்கள். போடலாமா தம்பி?

பதில்: தம்பியா! எனக்கு எழுபத்திரண்டு ஆகிறது. தேய்த்தால் கற்பூர வாடை வந்தால் போடலாம். அது செல்லுலாயிடு என்ற பழங்காலப் பிளாஸ்டிக். பேனாக் கம்பெனிகளில் ஷேஃபர் 1924-லும் பார்க்கர் 1926-லும் எபனைட்டை விட்டு அதற்கு மாறின. அசிட்டோன் அதைக் கரைத்து இரண்டு ஓரத்தையும் ஒன்றாக்கிவிடும், நடுவில் பசையே இருக்காது. பிரஷ் நுனியில் துளி போதும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை மட்டும் எடுக்காதீர்கள், அதில் தண்ணீரும் எண்ணெயும் கலந்திருக்கும். ஒட்டிய பிறகு இரண்டு மூன்று வாரம் தொடாமல் வையுங்கள். அவசரப்பட்டு இழைத்தால் ஒட்டிய இடம் பின்னால் குழிவிழும். பக்கத்தில் பீடி, விளக்கு எதுவும் கூடாது, செல்லுலாயிடு சட்டென்று பற்றிக்கொள்ளும்.

கற்பூர வாடை இல்லையென்றால் நிறுத்துங்கள். வருஷங்களுக்கு முன் ஒருவர் கொண்டுவந்த மூடியைச் செல்லுலாயிடு என்று நினைத்து அசிட்டோன் வைத்தேன். அது அச்சில் வார்த்த பாலிஸ்டிரீன் என்ற வேறு பிளாஸ்டிக். வெல்லப்பாகு மாதிரி இளகி, என் கைரேகை அப்படியே பதிந்துவிட்டது. என் பேனாவைக் கொடுத்து அனுப்பினேன். இப்போது மேஜையில் தட்டிப் பார்க்காமல் எதையும் தொடுவதில்லை. பாலிஸ்டிரீன் தகரம் போல ‘டிங்’ என்னும்.

கேள்வி (சித்தூர் வாசகர்): மூடியில் கிளிப்புக்குக் கீழே சின்னதாக ஓட்டை விழுந்திருக்கிறது. மை காய்ந்துபோகுமோ?

பதில்: எங்கள் பாலக்காட்டுச் சித்தூரா, ஆந்திரச் சித்தூரா? (போன மாதம் எனக்கு வர வேண்டிய பார்சல் அங்கே போய்த் திரும்பியது.) எதிர்ப்பக்கத்திலும் அதே மாதிரி வட்டமாக இன்னொன்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது விழுந்த ஓட்டை இல்லை, காற்றுப் போகச் செய்தவர்களே போட்டது. பழைய மூடிகள் பலவற்றில் உண்டு. மை காயாமல் பார்த்துக்கொள்வது உள்ளே இருக்கும் இன்னொரு சிறு மூடியின் வேலை. ஒருவர் இரண்டு துளையையும் மெழுகால் அடைத்துக் கொண்டுவந்து, மூடியைக் கழற்றும்போதெல்லாம் மை கக்குகிறது என்றார். ஊசியால் குத்திவிட்டேன், நின்றது.