மகளுக்கு அரண்மனை, எனக்கு மலை: கொரியாவில் இரண்டும் ஒத்துவருமா?

கேள்வி: வரும் அக்டோபர் கடைசியில் நானும் மகளும் தென்கொரியா போகிறோம். ஒன்பது இரவுகள். கொரியச் சரித்திரத் தொடர்கள் என்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். சியோல் அரண்மனைகளைச் சுற்றினாலே போதும் என்கிறாள். எனக்கு மலையும் கோயிலும் பார்க்க ஆசை, ஆனால் முழங்கால் வலி. ஏழு ஊர் காட்டும் குரூப் டூரில் போனால் ஜேஜு தீவையும் பார்த்துவிடலாம் என்கிறார் கணவர். நாங்கள் சைவம். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புச் சகோதரி, ஏழு ஊர் வேண்டவே வேண்டாம். பெட்டி கட்டுவதிலும் பஸ் ஏறுவதிலுமே நாள் போய்விடும். சியோல், சொராக்சான் மலை, கியோங்ஜு என்று மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜேஜு அருமையான எரிமலைத் தீவுதான். தென்கொரியாவின் மிக உயரமான ஹல்லாசான் சிகரம் (1,947 மீட்டர்) அங்கேதான் இருக்கிறது. ஆனால் அதற்கென்றே நான்கு நாளாவது ஒதுக்க வேண்டும். அவசரமாகப் போய்த் திரும்புவதற்கு அதை விட்டுவிடுவதே மேல்.

மகள் ஆசை ஒரு பக்கம், உங்கள் ஆசை ஒரு பக்கம் என்ற கவலையே வேண்டாம். கொரியாவில் மலையைத் தேடிப் போனால் கோயிலும் அங்கேயே இருக்கும். அதற்கு ஒரு காரணம், உங்கள் மகள் தொடர்களில் பார்க்கும் அதே அரசர்கள். 1392-இல் ஆட்சிக்கு வந்த சோசன் வம்சம் கன்பூசிய நெறியைக் கைக்கொண்டு பௌத்தத்தை ஒடுக்கியது. ஊருக்குள் இருந்த மடங்கள் பல மூடப்பட்டன. துறவிகள் தலைநகருக்குள் நுழையக்கூடத் தடை இருந்தது. அது நீங்கியது 1895-இல்தான். மலைக்காட்டுக்குள் இருந்த மடங்கள் பிழைத்துக்கொண்டன. அரண்மனைக் கதையை மகள் உங்களுக்குச் சொல்லட்டும், அதன் மறுபாதியை மலையில் இருவரும் சேர்ந்து பாருங்கள்.

முதல் இரண்டு இரவு சியோல். எல்லோரும் கியோங்போக்குங் அரண்மனைக்குத்தான் ஓடுவார்கள். ஹான்போக் என்ற கொரியப் பாரம்பரிய உடையை வாடகைக்கு எடுத்து அணிந்து போனால் நுழைவுக் கட்டணம் இல்லை என்பதால் மகளும் விடமாட்டாள். போகட்டும். ஆனால் 1395-இல் எழுந்த அந்த அரண்மனை 1592-இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது எரிந்து, 1860-களில் திரும்பக் கட்டப்பட்டு, பிறகு ஜப்பானியர் ஆட்சியில் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. இன்று காண்பதில் நிறைய புதிதாக எழுப்பியவை. எனக்குப் பிடித்தது சாங்தொக்குங். குன்றின் சரிவை வெட்டிச் சமன்படுத்தாமல், நிலம் போன போக்கிலேயே கட்டியிருக்கிறார்கள். பின்னால் இருக்கும் அரச குடும்பத்துத் தோட்டத்துக்குத் தனி டிக்கெட், குறிப்பிட்ட நேரம், முன்பதிவு செய்துவிடுங்கள். இலைகள் சிவக்கும் பருவத்தில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். கியோங்போக்குங்குக்குச் செவ்வாய் விடுமுறை, சாங்தொக்குங்குக்குத் திங்கள். புக்சோன் பழைய வீட்டுத் தெருக்களுக்குப் போனால் குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு நேரக் கட்டுப்பாடும் வந்திருக்கிறது.

அடுத்து சொராக்சான். சியோலிலிருந்து சோக்சோ நகருக்கு எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் பிடிக்கும். உங்கள் தேதிக்கு மலையடிவாரப் பள்ளத்தாக்கில் மேப்பிள் இலைகள் சிவந்து நிற்கும். முழங்காலை நினைத்துப் பின்வாங்காதீர்கள். நுழைவாயிலிலிருந்து சின்ஹுங்சா கோயில் வரை நல்ல பாதை; அதற்கு முன்பே பிரம்மாண்டமான வெண்கலப் புத்தர் அமர்ந்திருப்பார். க்வோங்கும்சொங் முகட்டுக்கு கேபிள் கார் இருக்கிறது. பலத்த காற்றடித்தால் நிறுத்திவிடுவார்கள். சனி, ஞாயிறு கூட்டம் தாங்காது. அதனால்தான் இங்கே இரண்டு இரவு வைத்திருக்கிறேன், அதுவும் வார நாளில். உல்சன்பாவி பாறை உச்சிக்கு மட்டும் நீங்கள் போகவேண்டாம், படிகள் கொல்லும். மகள் ஏறிவிட்டு வரட்டும்.

மூன்று இரவைக் கியோங்ஜுவுக்குக் கொடுங்கள். சியோலுக்குத் திரும்பி, அங்கிருந்து கேடிஎக்ஸ் அதிவேக ரயிலில் போனால் சுமார் இரண்டு மணி நேரம். பொ.ஆ. 935 வரை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் சில்லா அரசின் தலைநகர் இது. ஊருக்கு நடுவிலேயே புல் மூடிய பச்சைக் குன்றுகள் எழுந்து நிற்கும். அத்தனையும் அரசர், பிரபுக்களின் சமாதிகள். அவற்றில் ஒன்றான சொன்மாசொங்கை 1973-இல் அகழ்ந்தபோது தங்கக் கிரீடம் கிடைத்தது. அந்தச் சமாதிக்குள் நாமே நடந்து போய்ப் பார்க்கலாம். பக்கத்திலேயே ஏழாம் நூற்றாண்டில் சொந்தொக் என்ற அரசி காலத்தில் கட்டிய சொம்சொங்தே வானோக்குக் கோபுரம். எல்லாம் சமதரை, மெதுவாக நடக்கலாம். மாலை மங்கியதும் வொல்ஜி குளத்துக்குப் போங்கள். விளக்கேற்றிய மண்டபங்கள் தண்ணீரில் தெரியும்.

இன்னொரு நாள் முழுவதும் புல்குக்சா கோயிலுக்கும் சொக்குராம் புத்தருக்கும். எட்டாம் நூற்றாண்டில் எழுந்தவை இரண்டும். சொக்குராம் பாறையைக் குடைந்த குகை அல்ல. கருங்கற்களை வளைத்து அடுக்கிக் கவிகை மாடம் எழுப்பி, மேலே மண் மூடிய கட்டுமானம். உள்ளே கிழக்குக் கடலை நோக்கி அமர்ந்திருக்கும் புத்தரின் முகத்தில் அப்படி ஓர் அமைதி. கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும், படம் எடுக்க முடியாது. இருந்தாலும் இந்தப் பயணத்தில் தவறவே விடக்கூடாத இடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். மேலே பஸ் போகும். பிறகு காட்டுக்குள் அதிக ஏற்றமில்லாத பாதை, கடைசியில் கொஞ்சம் படிகள்.

கடைசி இரண்டு இரவு மறுபடி சியோல். ஒரு நாள் மெட்ரோவிலேயே சூவோன் போய் ஹ்வாசொங் கோட்டையைப் பாருங்கள். 1762-இல் தந்தையான அரசரின் ஆணையால் அரிசிப் பெட்டியில் அடைபட்டு இறந்த இளவரசர் சாதோவின் கதை மகளுக்குத் தெரிந்திருக்கும். அவருடைய மகன் சொங்ஜோ அரசரானதும் தந்தையின் சமாதியைச் சூவோன் பக்கம் மாற்றி, 1794 முதல் 1796 வரை எழுப்பிய கோட்டை இது. கட்டிய கைவினைஞர்களின் பெயர், கூலி வரை எழுதி வைத்திருந்தார்கள். கொரியப் போரில் சிதைந்த பகுதிகளைப் பிற்காலத்தில் அந்த ஆவணத்தைப் பார்த்துத்தான் சரிசெய்தார்கள்.

சாப்பாட்டில் கவனம் தேவை. கிம்ச்சி என்ற புளிக்கவைத்த காய்கறியில் பெரும்பாலும் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ இருக்கும். காய்கறிக் குழம்பின் அடியிலும் நெத்திலிச் சாறு இருக்கலாம். "இறைச்சி, மீன், முட்டை, மீன் சாறு எதுவும் வேண்டாம்" என்று கொரிய எழுத்தில் போனில் வைத்துக்கொண்டு காட்டுங்கள். பௌத்த மடத்து உணவை நம்பிச் சாப்பிடலாம், வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்கமாட்டார்கள். பல மடங்களில் ஓர் இரவு தங்கவும் முடியும். விடியலுக்கு முன்பே எழுப்பிவிடுவார்கள்.

வழி பார்க்க கூகுள் மேப்பை மட்டும் நம்பாதீர்கள். நேவர் மேப் என்ற கொரிய வரைபடச் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். எங்காவது மாட்டிக்கொண்டால் 1330 என்ற சுற்றுலா உதவி எண்ணில் ஆங்கிலத்தில் பேசலாம். கேடிஎக்ஸ் முன்பதிவு ஒரு மாதத்துக்கு முன் திறக்கும். வார இறுதிப் பயணமானால் திறந்த உடனேயே எடுத்துவிடுங்கள்.