அரைத்த கடுகு ஏன் கசக்கிறது?

கேள்வி: திருமணமாகிக் கொல்கத்தாவில் வசிக்கிறேன். இங்கே இலிஷ் மீனுக்குக் கடுகை அரைத்துச் சேர்க்கிறார்கள்; நான் அரைத்தால் கசந்துவிடுகிறது. கடுகு எண்ணெயைப் புகையவிட்டுச் சமைப்பது ஏன்? என் தாயாரின் மூட்டுவலிக்குக் கடுகுப் பற்றுப் போடலாமா?
- வாசகி, கொல்கத்தா

பதில்: முழுக் கடுகை முகர்ந்து பாருங்கள், நெடி ஏதும் இராது. சினிக்ரின் என்னும் பொருளும் மைரோசினேஸ் என்னும் நொதியும் விதைக்குள் தனித்தனியே இருந்து, விதை நசுங்கி ஈரம் பட்டதும் ஒன்று கலக்கும்போதுதான் மூக்கில் ஏறும் அந்தக் காரம் உண்டாகிறது. சூடு இந்த நொதியை அழித்துவிடுவதால், நம் தாளிப்பில் காய்ந்த எண்ணெயில் விழும் கடுகு காரமின்றி மணமாக மட்டும் பொரிகிறது. ஆவக்காய் கெடாதிருக்க உப்புக்குத் துணை நிற்பதும் பொடித்த கடுகின் இந்தக் காரமே.

ஆகவே அரைப்பதற்கு வெந்நீர் கூடாது. கடுகைக் குளிர்ந்த நீரில் சற்று ஊறவைத்து வடித்து, வங்காளத்து வீடுகளில் செய்வதுபோல் உப்பும் பச்சை மிளகாயும் சேர்த்து, மிக்சியைத் தொடர்ந்து ஓட்டாமல் விட்டுவிட்டு அரையுங்கள். சூடேறும்வரை மையாக அரைபட்ட விழுதில் கசப்பு மேலோங்கிவிடும். கருங்கடுகின் அளவைக் குறைத்து மஞ்சள் கடுகைக் கூட்டினால் சுவை இன்னும் மென்மையாகும். விழுதை எண்ணெயில் நெடுநேரம் வதக்கவும் வேண்டாம்.

எண்ணெயைப் புகையவிடுவது அதன் பச்சை நெடி அடங்குவதற்காக. இலேசாகப் புகை எழுந்ததும் அடுப்பைத் தணித்துவிட வேண்டும். மிகுந்தால் இதயத்துக்குக் கேடு தரலாம் என்று கருதப்படும் எருசிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலம் இந்த எண்ணெயில் மிகுதி என்பதால், தினமும் இதையே பயன்படுத்தாமல் வேறு எண்ணெய்களையும் மாற்றிக்கொள்வது நல்லது. உதிரியாக விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். கடுகைப் போலவே தோன்றும் பிரமதண்டு விதையின் எண்ணெய் கலந்ததால், 1998-இல் டெல்லியில் உடல் வீங்கும் நோய் பரவி 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

கடுகுப் பற்று தோலுக்கு எரிச்சலூட்டி, அவ்விடத்தில் இரத்த ஓட்டத்தைக் கூட்டி, வலியைச் சிறிது நேரம் மறக்கச் செய்யும். மூட்டுத் தேய்மானத்தைக் குணப்படுத்தாது. கடுகுப்பொடியோடு அதைப்போல் பல மடங்கு கோதுமை மாவைச் சேர்த்து, வெதுவெதுப்பான நீரில் குழைத்து, துணிக்குள் மடித்து வையுங்கள். நேரடியாகத் தோலில் பூசக் கூடாது. 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இடையே தோலைப் பார்த்துக்கொண்டே இருந்து, நன்றாகச் சிவந்தால் உடனே எடுத்துக் கழுவிவிடுங்கள். தாயாருக்குச் சர்க்கரை நோயினால் கால் மரத்துப்போயிருந்தால் எரிச்சல் தெரியாமலே தோல் கொப்பளித்துப் புண்ணாகிவிடும். அவருக்கு இந்தப் பற்றே கூடாது.