பண்ணைக்குட்டை வெட்டும்போது எலும்பு வந்தால்

கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பக்கமிருந்து ஒரு விவசாயி எழுதியிருக்கிறார்: "பண்ணைக்குட்டை வெட்டியபோது ஐந்தடி ஆழத்தில் பானை ஓடும் எலும்புமாக வந்தது. 'ஓடையில போட்டு மூடிடலாம்ண்ணா' என்கிறார் ஜே.சி.பி. ஓட்டும் தம்பி. பழங்காலத்துப் புதைகுழி, பாண்டவர் குழி என்கிறார்கள் பெரியவர்கள். போலீசுக்குச் சொன்னால் நிலம் போய்விடுமோ என்று வீட்டில் பயம். என்ன செய்வது?"

முதலில் வண்டியை நிறுத்துங்கள். குழிக்குள் இருப்பதை எடுக்காதீர்கள், வெளியே வந்ததைக் கழுவாதீர்கள், எலும்பை பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடித்துவிடும். மழை வரும்போல் இருந்தால் தார்ப்பாய் போட்டு, தண்ணீர் இறங்காமல் சுற்றிலும் வரப்பு கட்டுங்கள். பக்கத்தில் மண்வெட்டியை வைத்து போனில் படம் எடுங்கள், அளவு தெரியும். அன்றைக்கே வி.ஏ.ஓ.வுக்கும் காவல் நிலையத்துக்கும் சொல்லிவிடுங்கள்.

பெரியவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். பழங்காலக் கல்லறைகளான மல்லச்சந்திரத்துக் கற்திட்டைகள் உங்கள் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. அதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் சட்டமன்றத்திலேயே அறிவிக்கப்பட்டது. ஆனால் ஓடு பழையது என்பதால் எலும்பும் பழையதாகிவிடாது. பழைய ஓடு கிடக்கும் மண்ணிலேயே பத்து வருடம் முன்பு ஒருவரைப் புதைத்திருக்கலாம்.

இதைச் சொல்லக்கூடியது மண்தான். குழியின் பக்கச் சுவரைக் கரண்டியால் மெல்லச் சீவினால், தோண்டாத செம்மண் இறுகி ஒரே நிறமாக நிற்கும். தோண்டி மூடிய இடம் மேல்மண்ணும் அடிமண்ணும் கலந்து, பொலபொலவென்று வேறு நிறத்தில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. அந்தக் கோடு உழவு மண்ணுக்குச் சற்றுக் கீழே தொடங்கினால் அது பிற்காலத்துக் குழி என்று சந்தேகிக்க வேண்டும். அதன் தலைக்கு மேலே கலையாத சுக்கான் மண் (சுண்ணாம்புக் கட்டிகள் கலந்த மண்) படுகை இருந்தால் குழி அந்தப் படுகையைவிடப் பழையது. இந்தக் கோடு போய்விட்டால் எந்த ஆய்வகமும் அதைத் திருப்பித் தர முடியாது. ஜே.சி.பி. பக்கெட் ஒரே இழுப்பில் அழித்துவிடும்.

எலும்பும் பேசும். இடுப்பெலும்பில் ஆணா பெண்ணா என்று தெரியும். தோளையும் நெஞ்சையும் இணைக்கும் காறை எலும்பின் மார்புப்பக்க முனை, வளரும் வயதில் தனித்துண்டாக இருந்து, உடம்பிலேயே கடைசியாக, முப்பது வயதை ஒட்டித்தான் முழுக்க ஒட்டி முடிகிறது. அந்தச் சின்ன முனை நொறுங்கினால் வயதுக்கான நல்ல சாட்சி ஒன்று குறைந்துபோகும்.

நம் ஊரில் சிக்கல் எங்கே என்றால், மண்ணைப் படிப்பவரும் எலும்பைப் படிப்பவரும் வேறு வேறு துறை. சந்தேக மரணம் என்று தோன்றினால் காவல்துறை, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவின்படி விசாரிக்கும். அரசு மருத்துவக் கல்லூரியின் சட்ட மருத்துவர் எலும்பைப் பார்ப்பார். மண்டையோட்டைப் புகைப்படத்தோடு பொருத்திப் பார்க்க, சென்னை தடய அறிவியல் துறையில் மானுடவியல் பிரிவு இருக்கிறது. தொல்லியல் துறைக்கு இந்த வரிசையில் இடமே இல்லை. அதனால் நீங்கள் கொடுக்கும் மனுவிலேயே, "தொல்லியல் அலுவலர் வந்து பார்த்த பிறகு எலும்புகளை எடுக்க வேண்டுகிறேன்" என்று ஒரு வரி சேருங்கள். நகலை மாவட்ட ஆட்சியருக்கும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கும் கொடுங்கள். இந்த ஒரு வரியை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன்.

காரணம், பஞ்சாபின் அஜ்னாலா. 1857-இல் கொல்லப்பட்டுக் கிணற்றில் போடப்பட்ட 282 சிப்பாய்களின் எலும்புகளை 2014-இல் நிபுணர் துணையில்லாமல் ஊர்க்காரர்களே தோண்டினார்கள். நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். ஆனால் பெரும்பாலான எலும்புகள் உடைந்து கலந்துவிட்டன. அந்தச் சிப்பாய்கள் கங்கைச் சமவெளியைச் சேர்ந்தவர்கள் என்பதை பற்களின் டி.என்.ஏ., ஐசோடோப்பு ஆய்வுகள் 2022-இல்தான் காட்டின. எந்த எலும்பு யாருடையது என்று இன்றைக்கும் பிரிக்க முடியவில்லை.

நிலம் பற்றிய பயத்துக்கு வருகிறேன். எலும்பு கிடைத்தது என்பதற்காகப் பட்டா மாறாது. பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்க வேண்டுமானால் அரசு தனியாக அறிவிக்கை வெளியிட்டு உங்கள் ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும். காசு, நகை என்று மதிப்புள்ள பொருள் எது வந்தாலும், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மதிப்பு பத்து ரூபாய்க்கு மேலிருந்தாலே ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஓடையில் போட்டு மூடிவிட்டு, பிறகு அது கொலை வழக்காக எழுந்தால், தடயத்தை மறைத்தாரோ என்ற சந்தேகம் உங்கள் மேல்தான் விழும்.

இன்னொன்று. வண்டி ஓட்டிய தம்பி அடுத்த வேலைக்குக் கிளம்பும் முன் அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். முதல் ஓடு எந்த ஆழத்தில் வந்தது, எந்த மண்ணை எந்தக் குவியலில் கொட்டினார் என்பது அவருக்குத்தான் தெரியும். அதை எழுதி, அவர் கையெழுத்தோடு வைத்திருங்கள். அந்தக் குவியலைத்தான் அலுவலர்கள் சல்லடை போட்டுச் சலிக்க வேண்டியிருக்கும்.